கிளெனிஸ் கேட்ட பிரஷ்

திங்கட்கிழமை காலை, கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கிளெனிஸ் ரட்டர் உள்ளே வந்து, ஒரு முழ நீளமுள்ள பலகைத் துண்டையும் தண்ணீர் நிரம்பிய ஜாம் புட்டி ஒன்றையும் எனக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"டெஸ், வீட்டுக்குள்ள மரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கப் போறேன். கதவு, நிலை, ஜன்னல் சட்டம், சுவரடிப் பலகை, எல்லாம். நல்ல பிரஷ் ஒண்ணு குடு."

பெயிண்ட் பகுதியில் நான் நிற்கத் தொடங்கி இருபத்தாறு வருடமாகிறது. யார் வந்து என்ன கேட்டாலும் கை தானாகவே சரியான தட்டுக்குப் போகும். அன்றைக்கு என் கை தப்பான இடத்துக்குப் போனது. மேசை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மலிவு பிரஷ்களைப் போட்டு வைத்திருப்போம். வேலிக்கு ஒருமுறை அடித்துவிட்டு எறிந்துவிடுகிறவர்களுக்காக வைத்தவை. அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதுவே போதும் கிளெனிஸ். அடிச்சு முடிச்சதும் தூக்கிப் போட்டுடலாம். கழுவற வேலைகூட இல்ல."

"எதுக்குத் தூக்கிப் போடணும்?"

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். "இல்ல... அந்தக் கடுதாசி வந்திருக்குமே. வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு சொன்னாங்க. எப்படியும் வீட்டை அவங்க எடுத்துக்கிட்டா..."

"என் வீட்டைப் பத்தி உன்கிட்ட யாராவது கேட்டாங்களா? நான் பிரஷ் கேட்டேன்."

கடையில் எங்களைத் தவிர இன்னொருவன்தான் இருந்தான். குழாய் வேலை செய்கிறவன். தலைமுடி செக்கச் சிவப்பாக இருப்பதால் எங்கள் ஊர் நியாயப்படி அவனுக்குப் பெயர் ப்ளூ. ரப்பர் வளையம் பொறுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "பிரஷ் எதுக்கு கிளெனிஸ்? அடுத்த மழைக்கு ஆறே வந்து பழுப்புக் கலர் அடிச்சுட்டுப் போகும். இனாமா."

"ஆமாண்டா, ரெண்டு கோட்டு. உன் வண்டிக்கும்தான் உள்ள வெளிய எல்லாம் அடிச்சுச்சே. அதை வித்தப்போ சேறுன்னு சொன்னியா, இல்ல கம்பெனி கலர்னு சொல்லித் தள்ளிவிட்டியா?"

ப்ளூ ரப்பர் வளையத் தட்டுக்குள் இன்னும் குனிந்தான். நான் மலிவு பிரஷ்ஷை வாளிக்குள் திரும்பப் போட்டேன். வெட்கமாக இருந்தது. இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன் என்று அந்த நிமிடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. வெள்ளம் வடிந்து எட்டு மாதமாகிறது. ஆற்றங்கரைத் தெருக்களில் இருந்த வீடுகளை வாங்கிக்கொள்கிறோம், மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று அரசாங்கம் சொன்னபோது முதல் மாதத்திலேயே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். என் வீடு இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது. மேட்டில் எனக்குச் செங்கல் வீடு, மழை பெய்தால் தூக்கம் கெடுவதில்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனாலும் பழைய தெருவில் யாராவது போகாமல் நின்றால் எனக்குள் ஏதோ ஒன்று அவர்கள் தோற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதம் வாசிக்கிறவன் நான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

நல்ல பிரஷ்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். கிளெனிஸ் மூக்குக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டாள். முதல் பிரஷ்ஷின் முடியை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்தாள். "நடுவுல இத்தனை பெரிய கட்டையை வச்சு அடைச்சிருக்கான். வெளியிலேர்ந்து பாத்தா குண்டா இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல." தள்ளி வைத்தாள். இரண்டாவதை எடுத்ததும் அவள் முகம் இளகியது. கறுப்புப் பன்றிமுடி, பித்தளைப் பூண்.

"ராஸோட அப்பா இந்த மாதிரிதான் வச்சிருந்தார்." ராஸ் அவள் புருஷன்.

"அவர் எண்ணெய் பெயிண்ட் அடிச்சார். நீ எதை அடிக்கப் போற?"

"தண்ணில கரையற எனாமல்."

"அப்ப இது ஆகாது. பன்றிமுடி தண்ணியைக் குடிச்சிரும். கால் மணி நேரத்துல வெந்த கீரை மாதிரி துவண்டுரும்."

அவள் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஜாம் புட்டியில் அதை முக்கி நிற்க வைத்தாள். அதுவரை மூன்றாவதைப் பார்த்தாள். சாய்வாக வெட்டிய நுனி, இரண்டு அங்குல அகலம், செயற்கை இழை. நுனியை உள்ளங்கையில் அழுத்தி வளைத்தாள். விட்டதும் நிமிர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது ஒவ்வொரு இழையின் முனையும் நுணுக்கமாகப் பிளந்திருப்பது தெரிந்தது. அப்படிப் பிளந்திருந்தால்தான் பெயிண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். இழையைப் பிடித்து இழுத்தாள், ஒன்றும் கையோடு வரவில்லை. கைப்பிடி வார்னிஷ் போடாத வெறும் மரம். வியர்த்த கையில் வழுக்காது.

பிறகு பலகையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, பன்றிமுடி பிரஷ்ஷைப் புட்டியிலிருந்து எடுத்து, கோட்டை ஒட்டித் தண்ணீரால் இழுத்தாள். காய்ந்த மரத்தில் ஈரம் கறுப்பாகத் தெரியும், தப்பு இருந்தால் ஒளிக்க முடியாது. பிரஷ் அகன்று கோட்டைத் தாண்டி மூன்று இடத்தில் வழிந்தது. மூன்றாவது பிரஷ்ஷால் இழுத்தபோது கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி, கோட்டைத் தொடாமல், முனையிலிருந்து முனைவரை ஈரம் நேராகப் போனது. கடையில் பிரஷ்ஷை நனைத்துப் பார்க்க யாரையும் விடுவதில்லை. முதலாளி பார்த்தால் என்னைத்தான் கேட்பார். நான் வாயைத் திறக்கவில்லை. சற்றுமுன் செய்த தப்புக்கு அன்றைக்கு என்னால் முடிந்த பரிகாரம் அவ்வளவுதான்.

"எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டாள்.

"ஒழுங்காக் கழுவி, சீப்பால வாரி, அட்டை உறையிலயே போட்டு வச்சா பதினஞ்சு, இருபது."

"அதுதான் வேணும்," என்றாள், வேண்டுமென்றே ப்ளூவுக்குக் கேட்கிற மாதிரி. "இருபது வருஷத்துக்கு."

இனாமாகத் தருகிறேன் என்றதற்கு அவள் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். நனைத்த பன்றிமுடி பிரஷ்ஷுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

*

புதன்கிழமை மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. வெள்ளச் சேறு ஏறிய மரத்தில் வெறும் எனாமல் அடித்தால் ஒரே வாரத்தில் பழுப்புக் கறை மேலே கசிந்து வரும். அதை அடக்க வேறு பிரைமர் அடியில் அடிக்க வேண்டும். அவள் என்மேல் கோபத்தில் இருந்ததாலும் நான் வெட்கத்தில் இருந்ததாலும் இதைச் சொல்ல விட்டுப்போயிருந்தது. கடையை மூடியதும் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தத் தெருவில் இருபத்தோரு வீடு இருந்தது, இப்போது ஐந்து. ஜகராண்டா மரம் மட்டும் வழக்கம்போல ஊதாவாகப் பூத்து யாருமில்லாத மனைகளில் கொட்டிக் கிடந்தது. ரட்டர் வீடு எட்டடிக் கால்கள்மேல் நிற்கிற மரவீடு. கால்களுக்கு நடுவே, வீட்டுக்கு நேர் கீழே, வெள்ளத்துக்குப் பிறகு தாங்கள் வசிக்கும் கேரவன் வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அதன் வாசலில் ராஸ் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வானொலியில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். மேலே உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் பலகை வழியாக அவன் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன ராஸ், ஸ்கோர் எப்படி?"

"ஆடறவனுக்குத் தெரியும்." என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். "நீயும் கொண்டு வந்துட்டியா? பொணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கா. போய்க் குடு. கன்னத்துக்கு ரோஸ் கலர் இருந்தா அதையும் குடு."

"நீ மேல வரலையா?"

அவன் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

மேலே போனபோது கிளெனிஸ் முட்டி போட்டு முன்கதவின் நிலையருகே இருந்தாள். நிலையின் உட்பக்கத்தில், தரையிலிருந்து மேல்நோக்கி, தச்சன் பென்சிலால் போட்ட கோடுகள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி உண்டு, என் வீட்டிலும் இருந்தது. வெள்ளம் எதுவரை வந்ததோ அங்கே ஒரு கோடும் வருஷமும். இங்கே கணுக்கால் அளவில் ஒன்று, முழங்கால் அளவில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, கதவுக் குமிழ் இருக்கும் உயரத்தில், எழுபத்து நாலு. பக்கத்தில் ராஸின் அப்பாவின் கையெழுத்து. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த தண்ணீருக்குக் கோடு இல்லை. அது நிலையையே தாண்டி, கூரைக்கு ஒரு சாண் கீழே வரை போயிருந்தது.

"இதை வச்சுத்தான் ராஸ் சொன்னார்," என்றாள் அவள், நான் கேட்காமலே. "எல்லாரும் கிளம்பறாங்க, நாமளும் போவோம்னு நான் பையெல்லாம் கட்டிட்டேன். இவர் இங்க நின்னு, இந்தக் கோட்டுல கையை வச்சுக்கிட்டு, அறுபது வருஷத்துல இதுக்கு மேல வந்ததில்ல, சாமானை மேசைமேல ஏத்தினாப் போதும்னார். நானும் சரின்னேன். அடுத்த நாள் காலையில கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவுல ரெண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். கன்னத்துல தண்ணி. இவர் வெறுங்காலால தகரத்தை உதைச்சுப் பிரிச்சு என்னை வெளிய தள்ளினார். படகுல ஏத்தினவன் முகம்கூட ஞாபகமில்ல. இறங்கினதுலேர்ந்து இந்த வாசப்படி தாண்டல. கோட்டையெல்லாம் அழிச்சுடு, இல்ல பெயிண்டை மேல அப்பிடுங்கறார். என் அப்பன் என்னைக் கொல்லப் பாத்தான்ங்கறார்."

"அப்ப அழிச்சுட வேண்டியதுதானே? அவருக்கு நிம்மதின்னா..."

"மாட்டேன்." உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "கோடு பொய் சொல்லல டெஸ். அது வரைக்கும் வந்துச்சுன்னுதான் சொல்லுச்சு. அதுக்கு மேல வராதுன்னு நாமளாப் படிச்சுக்கிட்டோம். நான்தானே தலையாட்டினேன்? அப்ப எனக்கும் அதுல பாதி. இவர் முழுசையும் எடுத்துக்கிட்டுக் கீழ உக்காந்திருக்கார். நான் விட மாட்டேன்."

நிலையை அவள் எப்படி அடித்திருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சாதாரணப் பிரைமர் ஒரு கை முடிந்திருந்தது. கோடுகள் இருந்த பகுதியை மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு வெறும் மரமாக விட்டு, அதன் இரண்டு பக்கமும் அடித்திருந்தாள். நாடா ஒட்டினால் பிரிக்கும்போது பென்சில் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அதனால் வெறும் கையால். தரையிலிருந்து நிலையின் தலைவரை ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. எந்தப் பிரஷ் வேண்டும் என்று அவள் அத்தனை பாடுபட்டது இதற்குத்தான்.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போற?"

"வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, நான் ஒருத்தி மாட்டேன்னா போதும், அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனா கீழ உக்காந்திருக்கற மனுஷனை விட்டுட்டு எந்த வீட்டை நான் காப்பாத்தறது? அவர் மேல வந்து, நல்லாப் பாத்துட்டு, போகலாம்னு சொன்னா போறேன். சத்தியமாப் போறேன். பாக்காம சொன்னா மாட்டேன்." பிறகு டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "கறை அடக்கறதா? இதைத் திங்கக்கிழமை சொல்ல உனக்கு வாய் வரலையா? இன்னும் ஒரு கை அடிக்கணும் இப்ப."

மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போகும்போது ராஸின் வானொலி அணைந்திருந்தது. எங்கள் பேச்சு பலகை வழியாக எவ்வளவு கீழே போயிருக்கும் என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. அன்று மாலை ஜெபத்தில் அவர்கள் இருவரையும் சொன்னேன். என்ன நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

*

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போகிற வழியில் அங்கே நின்றேன். முன்கதவைப் பாதியில் திறந்து வைத்து, குமிழையும் பூட்டையும் கழற்றிவிட்டு, கிளெனிஸ் கதவின் உட்பக்கத்துக்குக் கடைசிக் கை அடித்துக்கொண்டிருந்தாள். ஏழரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது, மேற்கே மேகம் திரண்டு காற்றில் புழுக்கம். இந்த மாதிரி நாளில் தண்ணீர் எனாமல் கண்ணெதிரே காயும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு வந்து சேர வேண்டும். நடுவில் நிறுத்தினால் தடம் விழும், அப்புறம் தேய்த்து எடுக்க வேண்டும். கதவு ஆடாமல் இருக்க அடியில் ஓர் அட்டையை மடித்துச் செருகியிருந்தாள்.

வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் பிரயோனி, வீடு வாங்கும் திட்டத்தின் அலுவலகத்திலிருந்து. என் பத்திரத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். கெட்ட பெண் இல்லை. படியேறி வெளித் தாழ்வாரத்தில் நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "கிளெனிஸ், நான் சீக்கிரமே வந்துட்டேனா?" என்றாள்.

"இல்ல கண்ணு, சரியாத்தான் வந்திருக்க. நான் நிறுத்த முடியாது. நில்லு."

"ஒரே ஒரு கேள்விதான். ஆமாவா, இல்லையான்னு நீங்க சொல்லிட்டா நான்..."

"பாதியில நிறுத்தினா கோடு விழும். நில்லுன்னேன்ல?"

பிரயோனி என்னைப் பார்த்தாள். நான் படியின் மேல் கட்டையில் நகர்ந்து இடம் விட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என் அம்மாவும் இப்படித்தான்," என்று மெதுவாகச் சொன்னாள். "அடுப்புல பால் இருந்தா தீயணைப்பு வண்டியே வந்தாலும் நிக்கணும்."

கிளெனிஸ் கதவின் நடுப்பலகைகளை முடித்துவிட்டாள், குறுக்குச் சட்டங்களையும். மிச்சமிருந்தது குமிழ்ப்பக்கத்து நெடுஞ்சட்டமும் அதன் விளிம்பும்தான். மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய இடம். பிரஷ்ஷை மூன்றில் ஒரு பங்கு முக்கி, டப்பாவின் உட்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி, குந்துபலகைமேல் ஏறி, உச்சியில் வைத்தாள். இரண்டு சாண்கூட இறங்கியிருக்காது, மேகம் வந்த திசையிலிருந்து காற்று அடித்தது. அட்டை நழுவியது. கதவு தானாக நகர்ந்து, ஈர விளிம்போடு, நிலையின் பக்கம் போகத் தொடங்கியது. நான் எழப் போனேன். எனக்கு முன்னால், படியில் உட்கார்ந்திருந்த எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கால் ஊன்றித் தாண்டியது. செருப்பில்லாத கால்.

ராஸ் வாசலில் நின்றான். நிலையின் வெளிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்திருந்தான். அப்படி எத்தனை நேரம் நின்றான் என்று என்னால் சொல்ல முடியாது. கதவு நகர்ந்துகொண்டிருந்ததால் நீண்ட நேரமாக இருந்திருக்க முடியாது.

"புடி!" என்று கத்தினாள் கிளெனிஸ். "கையில பெயிண்ட் பட்டாப் பரவாயில்ல, கதவுல கைத்தடம் விழக்கூடாது! அடிக்காத இடத்துல புடி!"

"எது அடிக்காத இடம்? எல்லாம் பளபளன்னு இருக்கு!"

"விளிம்புல! கீழ! கண்ணு தெரியலையா மனுஷா?"

அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், இன்னும் அடிக்காத விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக் கதவை நிறுத்தினான். பிரஷ் நின்ற இடத்திலிருந்து மறுபடி கீழே புறப்பட்டது. ஈரம் அவன் விரலருகே வந்தபோது அவன் கையை ஒரு சாண் கீழே இறக்கினான். அவள் குந்துபலகையிலிருந்து இறங்கினாள். பிரஷ் இறங்க இறங்க அவன் கையும் இறங்கியது. முதுகு வளைந்தது. ராஸுக்கு மூட்டுவலி, எல்லாருக்கும் தெரியும். ஒரு முட்டியை ஊன்றினான், பிறகு மற்றதையும். இப்போது அவன் முகம் எழுபத்து நாலுக்கு நேராக இருந்தது. பார்த்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்காமல் இருக்க வழியில்லை.

"மிஸ்டர் ரட்டர்," என்று பிரயோனி எழுந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டாள். "நீங்களும் வந்துட்டீங்க. உங்க ரெண்டு பேர்கிட்டயும் சேர்ந்து கேட்டுடலாமா?"

"அவ முடிக்கட்டும்," என்றான் ராஸ், திரும்பாமல்.

முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. கிளெனிஸ் அவனுக்கு எதிரே முட்டி போட்டாள். வெள்ளை ஓரம் மினுங்கிக்கொண்டு இறங்கி அவன் கட்டை விரலுக்கு ஓர் அங்குலம் மேலே வந்தது. கதவில் இன்னும் ஒரு சாண் மரம்தான் பாக்கி. பிரஷ் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அடுத்துக் கையை எங்கே வைப்பது என்று ராஸ் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.